தோற்றுப்போன கொள்கைக்கும் ஒரு பாடவேளை

பால் தனெரி என்ற பிரெஞ்சு அறிஞர் அரசின் புகையிலை ஆலை நிர்வாகத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். வேலை போக மிஞ்சிய பொழுதில் கிரேக்கக் கணிதத்தையும் வானியலையும் மூலமொழியிலேயே படித்தார். ஃபெர்மா, தெகார்த் ஆகியோரின் எழுத்துகளைப் பிறரோடு சேர்ந்து பதிப்பித்தார். 1903இல் பாரிசின் காலேஜ் தெ பிரான்சில் அறிவியல்களின் பொது வரலாற்றைக் கற்பிக்கும் பேராசிரியர் பதவி காலியானது. அந்தக் கல்லூரியும் பிரெஞ்சு அறிவியல் கழகமும் தனெரியின் பெயரையே முதலிடத்தில் வைத்து அனுப்பின. அமைச்சரோ கிரிகோவார் விரூபோஃபை நியமித்தார். விரூபோஃப் படிகங்களை ஆராய்ந்தவர், ஒகுஸ்த் கோம்த்தின் மெய்யியலைப் பின்பற்றியவர். அறிவியல் வரலாற்றில் தனெரிக்கு இணையாக வைத்துப் பேசத்தக்க உழைப்பு அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டே தனெரி காலமானார். அந்தப் பதவிக்கு ஒரு நெடிய முன்கதை உண்டு. 1832இலேயே கோம்த் அமைச்சர் கிஸோவிடம் அப்படியொரு பதவியை உருவாக்கித் தரக் கேட்டு, இல்லையென்ற பதிலைப் பெற்றிருந்தார். அறுபது ஆண்டு கழித்து, 1892இல், கோம்த்தின் சீடரான பியேர் லஃபித்துக்காக அது உருவாக்கப்பட்டது. சீடரிடமிருந்து இன்னொரு சீடரிடம் போயிற்று. அறிவியல் படிப்படியாக ஏறி வந்த வெற்றிப் பாதை என்ற ஒரு மெய்யியலுக்குச் சான்று திரட்டித் தரும் வேலையே அங்கே வரலாற்றுக்கு இருந்தது. மூலச்சுவடியைத் தானே பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பவருக்கு அங்கே இடம் கிடைக்காமல் போனதில் வியப்பில்லை.

பதவி ஒன்றை உண்டாக்கினால் துறை ஒன்று உண்டாகிவிடும் என்று நிர்வாகங்கள் எப்போதும் நம்புகின்றன. தனக்கென்று ஒரு கேள்வியும், அதற்கு விடை தேடும் முறையும், அந்த முறையில் பழகிய மாணவர்களும் இருந்தால்தான் ஒரு படிப்பு துறையாகிறது. அறிவியல் வரலாற்றுக்கு அந்தக் கேள்வி வெகுகாலம் கிடைக்கவில்லை. யார், எப்போது, எதைக் கண்டுபிடித்தார் என்ற பட்டியல்தான் இருந்தது. இன்று பிழையென்று தெரிந்த ஒன்றை நேற்று அறிவாளிகள் ஏன் சரியென்று நம்பினார்கள் என்று கேட்கத் தொடங்கிய பிறகே இந்தப் படிப்பு துறையாயிற்று என்பது என் கருத்து. அந்தக் கேள்வி கூர்மை பெற்றதில் நூலகத்தைவிட வகுப்பறைக்குப் பங்கு அதிகம். அதிலும் அறிவியலைத் தொழிலாகக் கொள்ளப்போகாத மாணவர்கள் உட்கார்ந்திருந்த வகுப்பறைக்கு.

நூலகத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜார்ஜ் சார்ட்டன் இல்லாவிட்டால் வகுப்பறைக்கே வழி இருந்திருக்காது. 1884இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்த சார்ட்டன் 1912இல் 'ஐசிஸ்' என்ற ஆய்விதழை நிறுவினார். 1914இல் ஜெர்மானியப் படை வந்தபோது தன் ஆய்வுக் குறிப்புகளைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போனார்; இங்கிலாந்து வழியாக அடுத்த ஆண்டு அமெரிக்கா சேர்ந்தார். ஹார்வர்டு அவருக்குக் கொடுத்தது வைடனர் நூலகத்தில் ஓர் அறையும் ஒருசில வகுப்புகளும். சம்பளம் 1918 முதல் வாஷிங்டனின் கார்னகி நிறுவனத்திலிருந்து வந்தது. 'ஐசிஸ்' நின்றுபோகாமல் தாங்குவதற்காகவே 1924இல் அறிவியல் வரலாற்றுச் சங்கம் தோன்றியது. 'அறிவியல் வரலாற்றுக்கு ஓர் அறிமுகம்' என்ற அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1927இல் ஹோமரிலிருந்து தொடங்கியது. 1948இல் மூன்றாம் தொகுதி வெளியானபோது பதினான்காம் நூற்றாண்டைத்தான் எட்டியிருந்தது. அரபு மூலங்களை விட்டால் இடைக்கால அறிவியல் விளங்காது என்று கண்டு, நடுவயதில் அரபு கற்றார். இவ்வளவு உழைத்தவருக்கு ஹார்வர்டில் முழுப் பேராசிரியர் பதவி 1940இல்தான் கிடைத்தது. அங்கே 1936இல் தொடங்கிய முனைவர் பட்டப் படிப்பை 1942இல் முதலில் முடித்தவர் ஐதின் சாயிலி என்ற துருக்கியர். அவர் அங்காராவுக்குத் திரும்பி அந்தத் துறையை அங்கே நட்டார். துருக்கியின் ஐந்து லிரா நோட்டில் இன்று அவர் முகம் இருக்கிறது. ஆயினும் சார்ட்டனின் பார்வை கோம்த்தின் பார்வையிலிருந்து அதிகம் விலகவில்லை. மனித முயற்சிகளிலேயே உண்மையாகச் சேர்ந்து சேர்ந்து வளர்வது அறிவியல் ஒன்றுதான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடு எழுதும்போது, தோற்ற கொள்கை வழியில் கிடந்த கல்லாகத்தான் தெரியும். அதைத் தூக்கிப் பார்க்கத் தோன்றாது.

தூக்கிப் பார்க்க வைத்தவர் ஒரு வேதியியலாளர். ஜேம்ஸ் கோனன்ட் 1933 முதல் 1953 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்; அணுகுண்டுத் திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர்; 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்தபோது நேரில் இருந்தார். அறிவியலுக்கு எவ்வளவு பணம் தருவது, யார் சொல்வதை நம்புவது என்று வாக்காளர்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் இனி முடிவெடுக்க வேண்டியிருக்கும், அவர்களுக்கு அறிவியல் எப்படி நடக்கிறது என்று தெரியாதே என்ற கவலை அவருக்கு வந்தது. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து அந்தக் கவலையைத் தீர்க்க முடியாது. இன்றைய ஆய்வின் உள்ளே நுழையக் கணிதம் வேண்டும். அதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். பழைய ஆய்வின் உள்ளே நுழையக் கொஞ்சம் பொறுமை போதும். இந்த எண்ணத்தை 1946இல் யேல் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகளாகச் சொல்லி, 1947இல் சிறு நூலாக வெளியிட்டு, ஹார்வர்டில் பாடமாகவே தொடங்கினார். அந்தப் பாடத்துக்காக எழுதப்பட்ட எட்டு வரலாறுகள் 1957இல் இரண்டு தொகுதிகளாக வந்தன: பாயிலின் காற்றழுத்தச் சோதனைகள், வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்று பிரித்தறிந்தது, அணுக்கொள்கை, தாவரங்களும் காற்றும், பாஸ்டரின் நொதித்தல் ஆய்வு, உயிர் தானே தோன்றுமா என்ற விவாதம், மின்னூட்டம் என்ற கருத்து வளர்ந்தது, ஃபிளாஜிஸ்டன் கொள்கையின் வீழ்ச்சி.

இந்தக் கடைசிப் பாடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். எரியும் பொருள்களிலெல்லாம் ஃபிளாஜிஸ்டன் என்ற ஒன்று உண்டு, எரியும்போது அது வெளியேறுகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் கொண்டிருந்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடும்: அது தவறு, ஆக்சிஜன் சரி. வகுப்பில் அதை மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. உலோகத்தைக் காற்றில் வைத்துச் சூடாக்கினால் பொடியாகிறது, நாம் பஸ்பம் என்று சொல்வதை ஏறத்தாழ ஒத்த பொடி. அதையே மரக்கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் உலோகம் திரும்பி வருகிறது. ஃபிளாஜிஸ்டன் வெளியேறியதால் பொடியாயிற்று, கரியில் நிறைந்திருந்த ஃபிளாஜிஸ்டன் உள்ளே புகுந்ததால் மறுபடி உலோகமாயிற்று. மூடிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏன் அணைகிறது? உள்ளே இருக்கும் காற்று ஃபிளாஜிஸ்டனால் நிரம்பிவிட்டது. உலோகங்கள் எல்லாம் ஏன் ஒன்றுபோல மின்னுகின்றன? எல்லாவற்றிலும் ஃபிளாஜிஸ்டன் இருக்கிறது. எரிதலும் துருப்பிடித்தலும் தாதுவை உருக்கி உலோகம் எடுப்பதும் ஒரே செயலின் வெவ்வேறு முகங்கள் என்று முதலில் காட்டியது இந்தத் 'தவறான' கொள்கைதான். உலோகம் பொடியாகும்போது எடை கூடுகிறதே என்ற முரண் புதிதாகத் தெரிந்ததும் இல்லை. ழான் ரே 1630இலேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். அப்படியானால் இவ்வளவு காலம் அது ஏன் யாரையும் உறுத்தவில்லை? எடைதான் வேதியியலின் கடைசித் தீர்ப்பு என்று அப்போது யாரும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. தராசை நீதிபதியாக்குவதே பின்னால் நடந்த புரட்சியின் ஒரு பகுதி.

1774 ஆகஸ்ட் 1 அன்று ஆங்கில வேதியியலாளர் ஜோசஃப் பிரீஸ்ட்லி சிவப்பு நிறப் பாதரசப் பொடியின் மேல் பெரிய குவிவில்லையால் வெயிலைக் குவித்து ஒரு காற்றைப் பிரித்தெடுத்தார். அக்டோபரில் பாரிஸ் சென்றவர், விருந்து மேசையில் அதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேயிடம் சொன்னார். இருவர் கையிலும் இருந்தது ஒரே காற்று. பிரீஸ்ட்லி அதை ஃபிளாஜிஸ்டன் நீங்கிய காற்று என்றார். லவாசியே 1775இல் வாசித்த கட்டுரையில் அது வழக்கமான காற்றேதான், தூய்மையானது என்று நினைத்தார். 1778இல் அதே கட்டுரையைத் திருத்தி வெளியிட்டபோது அதைக் காற்றின் ஒரு பகுதி என்று மாற்றினார். கோனன்ட் இரண்டு வடிவங்களையும் மாணவர் முன் வைத்தார். கண்டுபிடித்தவரே எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரியாமல் மூன்று ஆண்டு தடுமாறியதை அவர்கள் வரிவரியாகப் பார்த்தார்கள். வென்றவரும் முழுக்கச் சரியாக இல்லை. அந்தக் காற்றுக்கு லவாசியே வைத்த ஆக்சிஜன் என்ற பெயருக்கே அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருந்தாக வேண்டும் என்று லவாசியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று டேவி 1810இல் காட்டினார். பிரீஸ்ட்லியோ 1804இல் இறக்கும்வரை ஃபிளாஜிஸ்டனைக் கைவிடவில்லை. அவரைப் பிடிவாதக்காரர் என்று தள்ளுவது எளிது. அவர் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு லவாசியேயின் தரப்பில் அன்று விடை இருக்கவில்லை என்பதை அறிந்த மாணவர் அப்படித் தள்ள மாட்டார்.

கோனன்ட் இந்தப் பாடத்துக்கு உதவியாளராக அழைத்தவர்களில் தாமஸ் கூன் என்ற இயற்பியல் ஆய்வு மாணவரும் ஒருவர். 1947இல் இயக்கவியலின் பழைய வரலாற்றை வகுப்புக்காகத் தயார் செய்யும்போது அரிஸ்டாட்டிலின் 'இயற்பியல்' நூலை எடுத்துப் படித்தார். நியூட்டனின் இயக்கவியலில் அரிஸ்டாட்டிலுக்கு எவ்வளவு தெரியும் என்று தேடிப் பார்த்தால், ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்ததாகச் சொன்னதெல்லாம் பிழை. மற்ற எல்லாத் துறையிலும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்த ஒருவர் இங்கே மட்டும் எப்படி இப்படித் தடுமாறினார்? அந்த நெருடல் பின்னர் விடுபட்டது. அரிஸ்டாட்டில் இயக்கம் என்று சொன்னதில் கல் விழுவது மட்டும் இல்லை. விதை மரமாவதும் நோயாளி குணமாவதும் அடக்கம். அது மாற்றத்தைப் பற்றிய கோட்பாடு. நியூட்டனின் கேள்விக்கு விடை தேடினால் அது பிழைகளின் குவியல். அரிஸ்டாட்டிலின் கேள்விக்கு விடை தேடினால் ஒழுங்கான கட்டடம். 1962இல் வெளியான கூனின் 'அறிவியல் புரட்சிகளின் அமைப்பு' என்ற நூலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அறிவியலைப் பற்றி மிக அதிகம் பேசப்பட்ட நூல்களில் ஒன்று, அறிவியல் படிக்காதவர்களுக்குப் பாடம் தயாரித்த வேலையிலிருந்து முளைத்தது. கற்பித்தலை ஆய்வுக்கு அடுத்த படியில் வைக்கும் பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்கலாம்.

அறிவியல் மாணவருக்கு இப்படி வரலாறு கற்பிப்பதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிக வலுவானது அறிவியல் துறைகளிலிருந்தே வருகிறது. இயற்பியல் மாணவருக்கு இருக்கும் நேரம் குறைவு. குவாண்டம் இயக்கவியல் கற்க வேண்டியவர் ஃபிளாஜிஸ்டனில் ஏன் ஒரு மாதம் செலவிட வேண்டும்? வரலாற்றை மறைத்து, முடிந்த முடிவுகளை மட்டும் அடுக்கித் தரும் பாடநூல், ஆய்வாளரைப் பயிற்றுவிக்க மிகத் திறமையான கருவி என்று கூனே ஒப்புக்கொள்கிறார். அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் பிரஷ் ஒரு படி மேலே போனார். அறிவியல் வரலாற்றுக்கு வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற முத்திரை குத்த வேண்டுமோ என்று 1974இல் 'சயின்ஸ்' இதழில் தலைப்பிலேயே கேட்டார். விருப்புவெறுப்பின்றித் தரவைப் பின்பற்றுபவர் என்று நாம் மாணவருக்குக் காட்டும் விஞ்ஞானிக்கும் வரலாற்றில் காணும் விஞ்ஞானிக்கும் அவ்வளவு தூரம் இருக்கிறது. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனை நம் இயற்பியல் மாணவர்கள் எல்லாரும் படிப்பது. 1913இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடு இருக்கிறது. அவை தேர்ந்தெடுத்தவை அல்ல, சோதித்த எல்லாத் துளிகளும் அவையே என்று எழுதியிருக்கிறார். அவருடைய குறிப்பேடுகளை அறிவியல் வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹோல்ட்டன் 1970களில் எடுத்துப் படித்தபோது, விட்டுவிட்ட துளிகள் பல தெரியவந்தன. இதை வகுப்பில் சொன்னால் மாணவர் என்ன கற்றுக்கொள்வார் என்று ஆசிரியர் தயங்குவது எனக்குப் புரிகிறது.

ஆனால் சொல்லாமல் விட்டால் அவர் என்ன கற்றுக்கொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். தன் சோதனையில் வரவேண்டிய விடை வராதபோது, பதிவேட்டில் எண்ணைத் திருத்தி எழுதுவது பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் அனைவரும் அறிந்த வழக்கம். முன்னோர்களுக்கெல்லாம் எண்கள் முதல் முறையே சரியாக வந்தன என்ற பொய்தான் அந்த வழக்கத்துக்குத் தாய். மில்லிகனின் கதையை முழுக்கச் சொன்னால் இரண்டும் தெரியும். விட்ட துளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மின்னூட்டத்தின் மதிப்பு பெரிதாக மாறவில்லை. எல்லாத் துளிகளும் இவையே என்று எழுதியது மட்டும் உண்மையாகவில்லை. எந்தத் துளியை நம்பலாம் என்று பழகிய கையோடு முடிவெடுப்பதும், அப்படி முடிவெடுத்ததை மறைப்பதும் வேறு வேறு என்ற நுட்பத்தை வேறு எந்தப் பாடம் கற்றுத்தரும்? நேரம் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். எல்லாத் தலைப்புக்கும் வரலாறு வேண்டாம். பட்டப்படிப்பின் மூன்று ஆண்டில் இரண்டு வரலாறுகளை ஆழமாகப் படித்தால் போதும். இயல்தலைப்பின் கீழே கட்டம் போட்டு விஞ்ஞானியின் படமும் பிறந்த ஆண்டும் அச்சிடுவது வரலாற்றுப் பாடமாகாது.

இன்னொரு அச்சம் இன்னும் ஆழமானது. தோற்ற கொள்கைக்கும் நியாயம் இருந்தது என்று சொல்லிக்கொடுத்தால், இன்றைய அறிவியலும் நாளைக்குத் தோற்கும், ஆகவே எதையும் நம்பத் தேவையில்லை என்று மாணவர் முடிவுகட்டிவிட மாட்டாரா? தடுப்பூசியையும் பருவநிலை மாற்றத்தையும் மறுப்பவர்கள் இந்தக் குரலில் பேசுவதைக் கேட்கிறோம். ஸ்டீவன் வைன்பர்க் போன்ற இயற்பியலாளர்கள் இதனால்தான், கடந்த காலத்தை இன்றைய அறிவைக் கொண்டு மதிப்பிடத் தயங்கக் கூடாது என்று வாதாடினார்கள். எனக்கு ஃபிளாஜிஸ்டன் பாடமே இதற்குப் பதிலாகத் தெரிகிறது. அந்தக் கொள்கை மனம்போன போக்கில் கைவிடப்படவில்லை. தராசு, மூடிய கலம், பலர் பல ஊரில் திரும்பச் செய்து பார்த்த சோதனை, கடுமையான வாக்குவாதம் எல்லாம் சேர்ந்து அதைச் சாய்த்தன. ஒரு கொள்கையை வீழ்த்த எவ்வளவு சான்று தேவைப்பட்டது என்று பார்த்தவருக்கு, சான்றே இல்லாமல் வீழ்த்த வருபவரை அடையாளம் தெரியும். முடிவுகளை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் அந்த அளவுகோல் இல்லை.

கோனன்டின் பாடங்களில் எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. அந்த எட்டு வரலாறுகளும் சோதனையையும் கருத்தையும் சுற்றியே நிற்கின்றன. எட்டும் ஐரோப்பிய மரபைச் சேர்ந்தவை. 1931இல் லண்டனில் கூடிய அனைத்துலக மாநாட்டில் சோவியத் இயற்பியலாளர் போரிஸ் ஹெஸ்ஸன், நியூட்டனின் நூலுக்குப் பின்னால் சுரங்கமும் கப்பல் போக்குவரத்தும் பீரங்கியும் இருந்தன என்று வாதிட்டிருந்தார். மிகையான வாதம்தான், ஆனால் கேள்வி சரியானது. ஹார்வர்டு வகுப்பில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. தோற்ற கொள்கையைத் தூக்கிப் பார்க்கும் துணிச்சலை ஐரோப்பாவுக்கு வெளியேயும் கொண்டுபோனவர், மாணவர் அதிகம் இல்லாத ஒரு துறையில் இருந்தார். ஆட்டோ நொய்கெபாவர் 1947இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணித வரலாற்றுக்கெனத் தனித்துறை அமைத்தவர். மண்டேயர்கள் என்ற சிறு சமயக் குழுவினரின் சோதிட நூலொன்று பதிப்பிக்கப்பட்டபோது, சார்ட்டன் அதை இழிந்த குப்பை என்ற பொருளில் மதிப்புரையில் ஒதுக்கினார். அதற்கு மறுமொழியாக நொய்கெபாவர் 1951இல் சார்ட்டனின் சொந்த இதழான 'ஐசிஸ்' இதழிலேயே ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பு, இழிந்தவை என்று தள்ளப்படுகிறவற்றைப் படிப்பதற்கான வாதம். பாபிலோனிலிருந்து இந்தியா வரை வானியல் அறிவு பயணம் செய்த தடம் இப்படிப்பட்ட சோதிட ஏடுகளில்தான் கிடைக்கிறது. அவற்றை எறிந்தால் தடமும் போகும்.

அடுத்த ஆண்டே அவர் அதைச் செய்து காட்டினார், தமிழ்நாட்டுக் கணக்கை வைத்து. 1952இல் 'ஒசைரிஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தமிழ் வானியல்'. அதற்கு மூலம், ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூல். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் எழுத்துகளிலிருந்து எண்களைப் பெற்று, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகின. சந்திரனுக்கான வாக்கியங்கள் 248. சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அருகே வருவதற்கு ஆகும் காலத்தை ஒன்பதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 248 நாள். இதே எண்ணை நொய்கெபாவர் பாபிலோனியக் களிமண் பலகைகளில் கண்டிருந்தார். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று இன்றும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சின் பின்னே, இரண்டாயிரம் ஆண்டு பழமையான ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. வாக்கிய முறையின் மூலநூலான 'வாக்யகரண'த்தைக் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்தார்கள்.

நம் நாட்டில் இந்தப் படிப்புக்கு அறிஞர் குறைவில்லை. பிரபுல்ல சந்திர ராய் 1902இலேயே இந்து வேதியியலின் வரலாற்றை வெளியிடத் தொடங்கினார். பழம்பெருமை பேசுவதோடு அவர் நிற்கவில்லை. கையால் வேலை செய்பவரையும் அறிவாளியையும் சாதி பிரித்து வைத்ததால் இங்கே சோதனை அறிவியல் தேய்ந்தது என்று அந்த நூலிலேயே சாடினார். 1966இல் 'இந்திய அறிவியல் வரலாற்று இதழ்' தொடங்கியது. 1971இல் போஸ், சென், சுப்பராயப்பா ஆகியோர் பதிப்பித்த சுருக்க வரலாறு வந்தது. பல்கலைக்கழகங்களில் பட்டம் தரும் துறையாக மட்டும் இது வேர்விடவில்லை. துறை இல்லாத இடத்தை மேடைப்பேச்சு நிரப்பிக்கொள்கிறது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று ஒரு தரப்பும், எதுவுமே இருந்ததில்லை என்று மறுதரப்பும் சொல்கின்றன. கோம்த்தின் சீடர்களைப் போலவே இரு தரப்பும் விடையை முதலில் வைத்துக்கொண்டு சான்றைப் பிறகு தேடுகின்றன.

4, 23, 52 என்று பிசகு ஏன் இப்படி ஏறிக்கொண்டே போனது என்ற ஒரு கேள்வியை முதுகலை மாணவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். விடை காண அவருக்கு வடமொழியும் தமிழும் வேண்டும், கோள வானியலின் கணக்கு தெரிய வேண்டும், வாரனின் ஆங்கிலத்தையும் குடியேற்ற அரசின் ஆவணங்களையும் சந்தேகத்தோடு படிக்கும் பழக்கம் வேண்டும். நம் கணிதத் துறை அவரை வரலாற்றுத் துறைக்கு அனுப்பும். வரலாற்றுத் துறை வடமொழித் துறைக்கு அனுப்பும். பிரவுனில் நொய்கெபாவர் அமைத்த துறை அப்படிப்பட்டவரைச் சேர்த்துக்கொண்டது. அவருக்குப் பின் அங்கே இந்திய வானியல் சுவடிகளைப் படித்த டேவிட் பிங்ரீ 2005இல் மறைந்த பிறகு அந்தத் துறையும் நீடிக்கவில்லை.